ஜிம் கட்டணத்தை எப்படி வாங்குவது? பண்டு, பால் கார்டு, மெஸ் டோக்கன், டியூஷன் நாலையும் வைத்து ஒரு கணக்கு

தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி பக்கம் சின்னக் கடைகளுக்குக் கணக்கு எழுதித் தருகிறேன். அதில் ஜிம்காரர்களும் உண்டு. அவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான். "பக்கத்துத் தெருவுல வருஷத்துக்கு ஆறாயிரம்னு பேனர் கட்டிட்டான் சார், நானும் கட்டணுமா, இல்ல மாசாமாசம் ஆயிரமே வாங்கிக்கிட்டு இருக்கட்டுமா?" பதில் தேடி அவர்கள் பார்ப்பது இன்னொரு ஜிம்மை. அந்த ஜிம்காரர் பார்ப்பது எங்கேயோ ஏசி போட்ட பெரிய ஜிம்மை. பெரிய ஜிம்மின் வாடகைக் கணக்கும் நம் மாடி ஜிம்மின் வாடகைக் கணக்கும் ஒன்றில்லை என்பதை யாரும் யோசிப்பதில்லை.

நம் தெருவிலேயே முன்பணம் வாங்கித் தொழில் நடத்துகிறவர்கள் எத்தனையோ பேர். தீபாவளி பண்டு பிடிக்கிறவர், ஆவின் பால் கார்டு, பேச்சிலர் மெஸ், டியூஷன் சென்டர். நாலு பேருமே முதலில் காசு வாங்கிவிட்டு அப்புறம்தான் சரக்கையோ சேவையையோ தருகிறார்கள். ஜிம்மும் அப்படித்தான். ஆனால் நாலு பேரும் வாங்குகிற விதம் வேறு, மாட்டிக்கொள்கிற இடமும் வேறு. அதனால் இன்னொரு ஜிம்மைப் பார்ப்பதைவிட இவர்களைப் பார்ப்பது உபயோகம் என்பது என் அபிப்பிராயம்.

## எதை வைத்து அளப்பது

முதல் அளவுகோல், வாடகைத் தேதியில் கையில் காசு இருக்குமா. இது எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

இரண்டாவது, உங்கள் ஏரியாவில் காசு எப்போது வருகிறது. இதைத்தான் பலர் பார்ப்பதில்லை. காசிமேட்டில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. அந்த இரண்டு மாதத்தில் படகில் போகிறவரிடம் மட்டுமல்ல, ஐஸ் உடைக்கிறவர், வலை பின்னுகிறவர், மீன் ஏற்றும் வண்டி ஓட்டுகிறவர் என்று யாரிடமும் கட்டணம் கேட்க முடியாது. பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு ஜவுளிக்கடைப் பையன்களுக்குத் தீபாவளிக்கு முந்தின வாரங்களில் தூங்கவே நேரம் கிடைக்காது, ஆனால் போனஸ் அப்போதுதான் வரும். பெரம்பூர், அயனாவரம் பக்கம் ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலை ஆட்களுக்கு மாதச் சம்பளம், ஷிஃப்ட் வேலை. ஒரே வடசென்னைதான், ஆனால் மூன்று இடத்திலும் காசு வரும் தேதி வேறு வேறு.

மூன்றாவது, வராத உறுப்பினர் உங்களுக்கு லாபமா நஷ்டமா. நான்காவது, காசு கேட்கிற வேலையை யார் செய்வது, அதற்கு எவ்வளவு நேரம் போகிறது. ஐந்தாவது, பயிற்சி தருகிற மாஸ்டர் ஒருநாள் "நான் தனியாப் போறேன் அண்ணே" என்று சொன்னால் உங்களிடம் மிச்சம் என்ன இருக்கும்.

## தீபாவளி பண்டு வழி: வருடக் கட்டணம் மொத்தமாக

பண்டு பிடிக்கிறவர் மாதாமாதம் வாங்கி, வருடக் கடைசியில் இனிப்பு, பட்டாசு, பாத்திரம், சில சமயம் கொஞ்சம் தங்கம் என்று கொடுக்கிறார். வருடக் கட்டண ஜிம் இதன் தலைகீழ். காசு ஒரே நாளில் வருகிறது, சேவை பன்னிரண்டு மாதம் போகிறது. ஆனால் ஆபத்து இரண்டிலும் ஒன்றுதான். கையில் இருப்பது இன்னும் உங்கள் காசு இல்லை. பண்டு பிடித்தவர் ஓடிப்போன கதை எல்லாத் தெருவிலும் ஒன்று இருக்கும். அவர்களில் பாதிப் பேர் ஏமாற்ற நினைத்தவர்களே இல்லை, தீபாவளிக்கு வைத்த காசை ஆடி மாதமே செலவழித்தவர்கள்.

சும்மா ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். வாடகை, கரண்ட், மாஸ்டர் சம்பளம் எல்லாம் சேர்த்து மாதம் 1,10,000 செலவு என்று வையுங்கள். மாதக் கட்டணம் 1,000 என்றால் 110 பேர் கட்டினால் வண்டி ஓடும். வருடத்துக்கு 6,000 என்றால் ஆளுக்கு மாதம் 500தான், 220 பேர் வேண்டும். ஜனவரி ஆஃபரில் 60 பேர் சேர்ந்தால் ஒரே வாரத்தில் 3,60,000 வருகிறது. அதைப் பார்த்ததும் புது கேபிள் மெஷின் ஆர்டர் போகிறது. உண்மையில் அது மாதம் 30,000 வருமானம், அவ்வளவுதான். மார்ச்சில் மெஷின் ஜொலிக்கும், ஜூனில் வாடகைக்குக் கைமாற்று கேட்க வேண்டியிருக்கும்.

கண்ணுக்குத் தெரியாத செலவு இன்னும் இருக்கிறது. ஆண்டு வருமானம் 20 லட்சத்தைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு வேண்டும், சேவைக்கு முன்பணம் வாங்கினால் வாங்கிய மாதத்திலேயே வரி சேர்ந்துவிடும். 2025 செப்டம்பர் 22 முதல் ஜிம்முக்கு வரி 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது, நல்ல விஷயம்தான். ஆனால் நீங்கள் மெஷின் வாங்கும்போது கட்டிய வரியை இனி கழித்துக்கொள்ள முடியாது. கட்டணத்துக்கு மேல் வரி வாங்கியிருந்தால் அந்த 3,60,000க்கு 18,000 ரூபாய், சேவை கொடுக்கும் முன்பே கட்ட வேண்டியது. அதை வாடகையில் போட்டுவிட்டு அடுத்த மாதம் 20ஆம் தேதி முழிக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அப்புறம் "பணம் திரும்பத் தரப்படாது" என்று பில்லில் ரப்பர் ஸ்டாம்பு குத்துகிறோமே, அது மட்டும் காப்பாற்றாது. ஜிம்மை மூடினாலோ வேறு இடத்துக்கு மாற்றினாலோ, உறுப்பினர் சென்னை வடக்கு நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம், 2019 சட்டம் அவர் பக்கம் பேச நிறையவே இடம் தருகிறது.

சரி, இது எப்போது நல்லது? சொந்தக் கட்டடம் இருந்தால். ஏற்கனவே இரண்டு வருடம் விடாமல் வருகிற ஆட்கள் இருந்தால், அவர்களுக்கு மட்டும். முக்கியமாக, ஆஃபரை ஜனவரியில் போடாதீர்கள். புத்தாண்டு சபதம் எல்லாம் எங்கிருந்தோ நாம் எடுத்துக்கொண்டது, நம் ஆட்களிடம் காசு இருப்பது போனஸ் வாரத்தில். ரயில்வே ஆட்களுக்கு ஆயுத பூஜையை ஒட்டிப் போனஸ் வரும், தகுதியுள்ளவருக்கு 78 நாள் போனஸாக அதிகபட்சம் 17,951 ரூபாய் கொடுத்து வந்திருக்கிறார்கள். வீட்டுச் செலவு தின்றுவிடும் முன் அந்த ஒரு வாரம்தான் உங்கள் சீசன். ஜவுளிக்கடைப் பையன்கள் என்றால் அப்போது காசு வாங்கிக்கொண்டு, தீபாவளி முடிந்த மறுநாளிலிருந்து வருடத்தை எண்ணுங்கள்.

## பால் கார்டு வழி: மாதாமாதம், முன்பணமாக

ஆவின் கார்டில் ஒரு மாதப் பாலுக்கு முன்கூட்டிக் காசு கட்டுகிறோம், கடை விலையைவிட லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு. கார்டு வைத்திருக்கிறவர் தினமும் டிப்போவுக்கு வருவார், எத்தனை பாக்கெட் போகும் என்று டிப்போவுக்கும் முன்பே தெரியும். ஜிம்காரர் இதில் கவனிக்க வேண்டியது சலுகையை அல்ல, "இந்த மாதம் எத்தனை பேர்" என்று முதல் வாரத்திலேயே தெரிந்துவிடுவதை.

இங்கே ஒரு வெளிநாட்டு ஆராய்ச்சியைச் சொல்லியாக வேண்டும். டெல்லாவிக்னா, மால்மெண்டியர் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் அமெரிக்காவில் மூன்று ஜிம்களின் ஏழாயிரத்துச் சொச்சம் உறுப்பினர்களின் கணக்கை மூன்று வருடத்துக்கு எடுத்துப் பார்த்து 2006இல் வெளியிட்டார்கள். மாதம் 70 டாலருக்கு மேல் கட்டியவர்கள் சராசரியாக மாதத்தில் 4.3 தடவைதான் வந்திருக்கிறார்கள், அதாவது ஒரு வருகைக்கு 17 டாலருக்கு மேல். பத்து வருகைப் பாஸ் வாங்கியிருந்தால் அதே வருகை 10 டாலர். இதை எல்லோரும் "மக்கள் முட்டாள்கள்" என்று சிரிப்பதற்கு எடுத்துக்கொள்கிறார்கள். எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு: மாதக் கட்டணத்தில் சேர்ந்தவர்கள், வருடக் கட்டணத்தில் சேர்ந்தவர்களைவிட, ஒரு வருடம் தாண்டியும் தொடர்கிற வாய்ப்பு 17 சதவீதம் அதிகமாக இருந்திருக்கிறது. மாதம்தானே என்று வந்தவர்தான் அதிக நாள் இருந்திருக்கிறார்.

அப்படியானால் மாதக் கட்டணமே ஜெயித்தது என்று பேனரை மாற்றிவிடாதீர்கள். அங்கே மாதக் கட்டணம் என்றால் கார்டிலிருந்து தானாகப் போகும், நிறுத்த வேண்டுமென்றால்தான் ஆள் மெனக்கெட வேண்டும். இங்கே தொடர வேண்டுமென்றால்தான் மெனக்கெட வேண்டும். மாதாமாதம் ஃபோனை எடுத்து ஆயிரம் ரூபாய் அனுப்பும்போது, போன மாதம் ஒன்பது நாள்தானே போனோம் என்று அவருக்குத் தோன்றும். மாதக் கட்டணம் தெருவில் தோற்பதற்குக் காரணம் விலை இல்லை, இந்த நிமிடம்தான்.

இதற்கு யுபிஐ ஆட்டோபே இருக்கிறது, 2020இலிருந்து. 15,000 ரூபாய் வரை ஒவ்வொரு மாதமும் பின் நம்பர் போடாமல் பிடிக்கலாம், பிடிப்பதற்கு 24 மணி நேரம் முன்னால் ஆளுக்குத் தகவல் போகும், அவர் நினைத்தால் தன் ஆப்பிலேயே ரத்து செய்யலாம். சுவரில் ஒட்டிய க்யூஆர் அட்டைக்குச் செலவில்லை. ஆட்டோபேக்கு ஒரு பேமெண்ட் கம்பெனியிடம் கணக்குத் திறக்க வேண்டும், அவர்கள் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் எடுத்துக்கொள்வார்கள். கணக்கில் காசில்லாமல் திரும்பினால் மறுபடி ஃபோன் போட்டுக் கேட்பது உங்கள் தலையில்தான். ஐந்தாம் தேதி சம்பளம் வருகிறவருக்கு ஒன்றாம் தேதி பிடிக்க வைத்தால் மாதாமாதம் திரும்பும். தேதியை அவரையே சொல்லச் சொல்லுங்கள்.

ஏமாற்றாமல் செய்ய ஒரே நிபந்தனை, நிறுத்தி வைக்கும் வசதி. கடலுக்குப் போகாத இரண்டு மாதம், கார்த்திகையில் மாலை போட்டவருக்கு ஒரு மண்டலம், நோன்பு மாதம், மழையில் தெருவே முங்கிய வாரம். வாட்ஸ்அப்பில் ஒரு வரி போட்டால் நிறுத்தி வையுங்கள், திரும்பி வருகிற தேதியை மட்டும் கேட்டு எழுதி வையுங்கள். அட்மிஷன் ஃபீஸ் மறுபடி கேட்காதீர்கள். நின்றவன் திரும்பி வராமல் போவதற்குப் பெரிய காரணமே அந்த மறு அட்மிஷன் ஐந்நூறு ரூபாய்தான்.

ஷிஃப்ட் ஆட்கள், மாதச் சம்பளக்காரர்கள் இருக்கிற ஏரியாவுக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

## மெஸ் டோக்கன் வழி: வந்த நாளுக்கு மட்டும்

மெஸ்ஸில் முப்பது டோக்கன் புத்தகம் வாங்கினால், ஊருக்குப் போன நாள் டோக்கன் கிழியாமல் இருக்கும். ஜிம்மில் பன்னிரண்டு வருகை, 45 நாளுக்குள், 700 ரூபாய் என்று வைத்தால் ஒரு வருகைக்கு 58 ரூபாய் சொச்சம். மாதம் 1,000 கட்டி 25 நாள் வருகிறவருக்கு 40 ரூபாய்தான். அடிக்கடி வருகிறவர் தானாகவே மாதக் கார்டுக்கு நகர்வார், அவரை யாரும் பேசிச் சேர்க்க வேண்டியதில்லை.

துறைமுகத்தில் லாரி ஓட்டுகிறவர், கண்டெய்னர் யார்டில் வாரம் ஒரு ஷிஃப்ட் மாறுகிறவர், ஊர் ஊராகப் போகிற சேல்ஸ் பையன் இவர்கள் எல்லாம் மாதக் கட்டணத்துக்கு என்றைக்கும் ஒப்ப மாட்டார்கள். அவர்களுக்கு இது. தினக்கூலி ஆட்களுக்கு இன்னும் சின்னதாக, வாரத்துக்கு 250 என்றும் வாங்கலாம். தினமும் வந்து தண்டல் கடன் வசூலிக்கிறவர்களிடம் நாம் கற்றுக்கொள்ள வேறு எதுவும் இல்லை, ஆனால் வலிக்காத தொகையாக, காசு கையில் இருக்கிற நேரத்தில் வாங்குவது எப்படி என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரியும். சனிக்கிழமை சாயங்காலம் கேளுங்கள், திங்கட்கிழமை கேட்காதீர்கள்.

இதில் நஷ்டம் எங்கே என்றால், கணக்கு வைக்கும் வேலை. நோட்டில் டிக் அடிக்கிற பையன் நண்பனுக்கு டிக் அடிக்க மாட்டான். 45 நாள் முடிகிற கடைசி வாரத்தில் டோக்கன் வீணாகக் கூடாது என்று எல்லோரும் சாயங்காலம் ஏழு மணிக்கே வந்து நிற்பார்கள், அதனால் டோக்கனைக் காலை 9க்கு மேல் மாலை 5க்குள் என்று கட்டுப்படுத்துங்கள். ஹோட்டலில் மீல்ஸ் நேரம் முடிந்ததும் அதே டேபிளில் டீ, பஜ்ஜி போடுகிறார்கள் இல்லையா, வாடகை அந்த நேரத்துக்கும் ஓடுகிறது. முழுக்க டோக்கனை மட்டுமே நம்பி ஜிம் நடத்த முடியாது. ஒரு வாரம் மழை பெய்தால் வசூல் சுழி.

## டியூஷன் வழி: குறிப்பிட்ட நேரம், குறைந்த ஆட்கள், அதிகக் கட்டணம்

டியூஷன் சென்டரில் பெஞ்சுக்கோ ஃபேனுக்கோ யாரும் காசு கட்டுவதில்லை. பையன் இரண்டு நாள் வரவில்லையென்றால் வீட்டுக்கு ஃபோன் வரும், அதற்குத்தான் காசு. நம் ஜிம்களில் பெரும்பாலும் இருபது நாள் வராதவருக்குக்கூட ஃபோன் போவதில்லை. போனாலும் "ஃபீஸ் முடிஞ்சிருச்சு" என்றுதான் போகிறது.

பன்னிரண்டு பேர், வாரம் மூன்று நாள், காலை பத்தரை மணி, ஆளுக்கு 2,000 என்றால் ஒரு பேட்ச்சுக்கு 24,000. அதில் 40 சதவீதம் மாஸ்டருக்குக் கொடுத்தாலும் 14,400 மிஞ்சும், அதுவும் மெஷின்கள் சும்மா நிற்கிற நேரத்தில். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு வருகிற பெண்களுக்கு இந்த நேரம் ரொம்பப் பொருந்தும். அதற்குப் பெண் பயிற்சியாளர் வேண்டும், உடை மாற்ற ஒரு தனி இடம் வேண்டும், அந்த ஒன்றரை மணி நேரம் டம்பெல் பக்கம் எந்தப் பையனும் வரக்கூடாது. இதில் ஒன்று குறைந்தாலும் பேட்ச் இரண்டு மாதத்தில் கலைந்துவிடும்.

பெரிய ஆபத்து, ஆட்கள் மாஸ்டரோடு போய்விடுவது. இது வடசென்னைக்குப் புதிதில்லை. இங்கே குத்துச்சண்டையில் சார்பட்டா, இடியப்ப நாயக்கர் என்று பரம்பரை சொல்லித்தான் ஆள் அடையாளம். எந்தக் கட்டடத்தில் பழகினான் என்று யாரும் கேட்டதில்லை, யாரிடம் பழகினான் என்றுதான் கேட்டார்கள். பேட்ச் வைத்தால் உங்கள் ஜிம்முக்கும் அதுதான் நடக்கும். தடுக்க முடியாது. குறைக்கலாம்: ஒரு பேட்ச்சை ஒரே ஆளிடம் விடாமல் இரண்டு பேர் மாறி மாறி எடுக்கட்டும், உறுப்பினரின் எடை, அளவு, வருகைக் குறிப்பு மாஸ்டர் ஃபோனில் இல்லாமல் ஜிம் நோட்டில் இருக்கட்டும், வராதவருக்குப் போகிற ஃபோனை முதலாளி நீங்களே போடுங்கள். மாஸ்டருக்குச் சம்பளத்தோடு பங்கும் கொடுத்தால் போகிற அவசரம் குறையும், இதை நிறைய முதலாளிகள் கேட்டதும் முகத்தைச் சுளிக்கிறார்கள்.

## ஒரே பார்வையில்

| வழி | வாடகை நாளில் காசு | வராத ஆள் | ஒளிந்திருக்கும் செலவு | எங்கே சரி |
|---|---|---|---|---|
| வருடக் கட்டணம் | முதல் மாதம் நிறைய, பிறகு வறட்சி | இந்த வருடம் லாபம், அடுத்த வருடம் காலி | முன்கூட்டிய வரி, பணம் திருப்பும் தகராறு | சொந்தக் கட்டடம், பழைய உறுப்பினர், போனஸ் வாரம் |
| மாதக் கார்டு | சீராக | நிறுத்தி வைத்தால் திரும்புவார் | ஆட்டோபே கழிவு, திரும்பிய தொகையைக் கேட்பது | சம்பளக்காரர் ஏரியா |
| டோக்கன், வாரக் கட்டணம் | நிச்சயமில்லை | வருமானம் இல்லை, பகையும் இல்லை | கணக்கு எழுதுவது, கடைசி வார நெரிசல் | தினக்கூலி, மாறும் ஷிஃப்ட் |
| பேட்ச் | சீராக, ஆளுக்கு அதிகம் | உடனே தெரியும் | மாஸ்டர் விலகல், தனி வசதி | சும்மா கிடக்கும் நேரம், பெண்கள் |

## அப்போ எதை எடுப்பது

வாடகைக் கட்டடம், தொடங்கி இரண்டு வருடம் ஆகவில்லை, நூறு பேர் சுற்றி என்றால் மாதக் கார்டை அடிப்படையாக வையுங்கள், காலை பத்தரைக்கு ஒரு பேட்ச் திறங்கள். வருடக் கட்டணம் இப்போதைக்கு வேண்டாம், பக்கத்துத் தெரு பேனர் இன்னும் பெரிதானாலும். அவர் வாங்கியிருக்கிற 6,000க்கு அவர் பன்னிரண்டு மாதம் உழைக்க வேண்டும். அவர் மூடினால் அந்த ஆட்கள் உங்களிடம்தான் வருவார்கள், ஏற்கனவே ஏமாந்தவர்கள் என்பதால் மாதக் கட்டணம்தான் கேட்பார்கள்.

காசிமேடு, ராயபுரம் கடலோரத்தில் இருந்தால் வருடத்தைப் பத்து மாதமாகவே எண்ணுங்கள். ஏப்ரல், மே, ஜூனில் வருமானம் பாதி என்று வைத்து மற்ற மாதங்களின் கட்டணத்தை நிர்ணயித்துவிட்டால், தடைக்காலத்தில் ஆஃபர் போட்டு விலையைக் கெடுக்க வேண்டியிருக்காது. மெஷின் ரிப்பேர், பெயிண்ட் எல்லாம் அந்த மாதங்களுக்கு ஒதுக்கலாம்.

மாநகராட்சி உடற்பயிற்சிக் கூடம் பக்கத்திலேயே இருந்தால் விலையில் மோதாதீர்கள். அங்கே இல்லாதது வராதவனைக் கேட்கிற ஆள்தான், அதாவது பேட்ச்.

ஏற்கனவே வருடக் கட்டணம் விற்றுவிட்டவர்கள் இப்போது மாற நினைத்தால், பழைய ஆட்களின் தேதியைத் தொடாதீர்கள். வாங்கிய தொகை மிச்சம் இருந்தால் தனியாக ஒரு வங்கிக் கணக்கில் போட்டு, மாதாமாதம் பன்னிரண்டில் ஒரு பங்கை மட்டும் எடுங்கள். செலவழிந்துவிட்டது என்றால், புதிதாகச் சேர்கிறவர்களை மாதக் கார்டில் சேர்த்து, பழைய ஆட்கள் எத்தனை பேர், யாருக்கு எந்த மாதம் முடிகிறது என்று ஒரு பட்டியல் எழுதுங்கள். ஒரே மாதத்தில் முப்பது பேருக்கு முடிகிறது என்று தெரிந்தால், அதற்கு இரண்டு மாதம் முன்பே அவர்களிடம் பேச ஆரம்பிக்க வேண்டும். வராமல் நின்றுபோனவர்களுக்கு முதல் ஃபோன். அவர்களிடம் ஃபீஸ் பற்றிப் பேச வேண்டாம், மீதி இருக்கிற மாதங்களுக்கு வரச் சொல்லுங்கள்.